மலை ஏறியதும் மீட்டரில் லைட் எரிகிறதா? ஏபிஎஸ் முதல் கேமரா வரை, அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

“கீழ இருக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்கண்ணா. பர்லியாறு தாண்டுனதும் மீட்டர்ல லைட்டு.”

குன்னூரில் எங்கள் பட்டறை வாசலில் சீசன் முழுக்கக் கேட்கிற பேச்சு இது. வண்டி புதுசாக இருக்கும். இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. எரிவதெல்லாம் ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் பார்ப்பது), ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் பிடிப்பது), டயர் காற்று, முன் கேமரா என்று பாதுகாப்புக்காக வைத்த சாமான்களின் லைட்டுதான். இவை எல்லாம் ஒன்றைப் பார்த்தோ அளந்தோ வேலை செய்பவை. மலையில் பனி மறைக்கிறது, சேறு அப்புகிறது, குளிர் இறுக்குகிறது, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் கடைசி வரை ஒடிகிறது. போதாததற்கு வண்டிக்காரர் தாமே ஒட்டிய ஸ்டிக்கர், கட்டிய மாலை.

அதனால் வண்டிக் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் மூன்று சாமான் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு உலர்ந்த துணி, டயர் காற்று பார்க்கும் கேஜ், ஒரு டார்ச். இந்த மூன்றில் முடியாததற்குத்தான் ஸ்கேனர். அதிலும் ஒரு விஷயம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ப்ளூடூத் ரீடர் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் லைட் பளிச்சென்று எரியும்போதே “கோளாறு எதுவும் இல்லை” என்று சொல்லும். ஏபிஎஸ் பக்கத்துக் கோளாறு எண், அதாவது ‘கோடு’ (code), ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்கிற ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போனால்தான் பயன்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு என்றால் ஓரம் கட்டுங்கள், பேச்சே இல்லை. மஞ்சள் என்றால் ஏதோ ஒரு துணைக்கருவி படுத்துவிட்டது. ஆனால் பிரேக் பிடிக்கும், வண்டி ஓடும். மெதுவாகப் போய் வெளிச்சமான இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் லைட் (அதுதான் ஈஎஸ்பி) மினுக்கினால் அது பழுதே இல்லை. அந்த நொடியில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து லைட் சேர்ந்து எரிகிறது

ஏபிஎஸ், ஈஎஸ்பி, ஸ்டீயரிங், ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது) எல்லாம் ஒரே இரவில் சேர்ந்து கெடாது. சேர்ந்து எரிந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது பேட்டரி. டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். கீழே மூன்று வருடம் ஓடிய பேட்டரிக்கு அந்தக் குளிரில் தெம்பு நன்றாகவே குறைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கி, மற்ற கம்ப்யூட்டர்கள் அரைத் தூக்கத்தில் எழுந்து ஆளுக்கொரு புகார் எழுதி வைக்கின்றன.

பதினைந்து நிமிடம் ஓட்டி, வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். லைட் போய்விட்டதா? பேட்டரிதான், நூற்றுக்குத் தொண்ணூறு. போகவில்லையா? பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளை, பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் இன்ஜினை அணைத்து, கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழ் என்றால் பாதி காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.5க்குக் கீழ் விழுந்தால் புதுசு வாங்கப் பணம் எடுத்து வையுங்கள். வண்டி ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். எப்போது பார்த்தாலும் 13க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ. அதற்கு எலக்ட்ரீஷியன்தான்.

பேட்டரி மாற்றிய பிறகு ஈஎஸ்பியும் ஸ்டீயரிங்கும் மட்டும் எரிகிறதா? பயப்பட வேண்டாம். ஸ்டீயரிங் நேராக நிற்பது எந்த இடம் என்பது அதற்கு மறந்துபோயிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது, சமமான இடத்தில், ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி, பிறகு நடு என்று ஒடித்து, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் பல வண்டிகளில் தானாக அணைந்துவிடும். குன்னூரில் சமமான, நேரான இடம் தேடுவதே ஒரு வேலை என்பது வேறு கதை. அப்படியும் போகவில்லை என்றால் ஸ்கேனர் வைத்து ஸ்டீயரிங் சென்சாருக்குப் பூஜ்ஜியம் பதிய வேண்டும். அதற்கு முன் வீல் அலைன்மெண்ட் சரியா என்று பாருங்கள். நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அந்தக் கோணலைத்தான் நேர் என்று பதிவு செய்வீர்கள்.

ஏபிஎஸ் லைட் மட்டும் எரிகிறது, பிரேக் வழக்கம்போல் பிடிக்கிறது

எங்களிடம் அதிகம் வருவது இதுதான். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கிற கார் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் உண்டு, ஆகவே இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. லைட் எரிந்தாலும் சாதாரண பிரேக் இருக்கும். ஆனால் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும். ஈரமான ரோட்டில் அது போதும், வண்டி நேராகத் தடுப்புச்சுவரைப் பார்த்துப் போக.

லைட் எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

*பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா?* யாரையாவது பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். எரியவில்லை, அல்லது மிதிக்காமலே எரிகிறது என்றால் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்விட்ச்தான் காரணம். சில நூறு ரூபாய் சாமான். இது போனால் ஏபிஎஸ், ஈஎஸ்பி, ஹில் ஹோல்டு, க்ரூஸ் (தானே வேகத்தைப் பிடித்து ஓட்டுவது) எல்லாவற்றுக்கும் நீங்கள் பிரேக் மிதிக்கிறீர்களா இல்லையா என்றே தெரியாது. அடுத்து ஃபியூஸ். வண்டிப் புத்தகத்தில் எந்த நம்பர் என்று இருக்கும்.

*சேற்றில் போய்வந்த பிறகு வந்ததா?* எஸ்டேட் ரோட்டு சிவப்புச் சேறு சக்கரத்தின் உட்பக்கம் அப்பிக் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். நாலு சக்கரத்தின் உட்பக்கத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சென்சார் வயர் மேல் நேராகப் பிரஷர் அடிக்காதீர்கள்.

*கொண்டை ஊசியில் ஒடிக்கும்போது மட்டும் வருகிறதா?* வயர். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். இடது பக்கம் முழுசாக ஒடித்தால் லைட், நேராக்கி மறுபடி ஸ்டார்ட் செய்தால் இல்லை. கீழே ஒரு பட்டறையில் ஏபிஎஸ் மாட்யூலே (அதன் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒடித்து, வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். ஷாக் அப்சார்பரில் சென்சார் வயரைப் பிடித்து வைக்கும் கிளிப் இல்லை. முன்பு ஷாக் மாற்றியவர்கள் அதை மாட்ட மறந்திருக்கிறார்கள். வயர் ஒவ்வொரு வளைவிலும் வில் நாண் மாதிரி இழுபட்டு, மேலுறை வெடித்து, உள்ளே ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இழுபட்டால் விடும், தளர்ந்தால் தொடும். புது சென்சார், ஒரு கிளிப், ஒரு மணி நேர வேலை.

“மாட்யூலு நல்லாத்தான் இருக்குங்களாண்ணா?” என்று மூன்று தடவை கேட்டார். பாவம், பணம் புரட்ட ஆரம்பித்திருந்தார்.

ஆகவே ஒடித்தால் வரும் லைட்டுக்கு வயரையும் கனெக்டரையும் பார்க்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள். எலி கடித்திருந்தாலும் இங்கேதான் தெரியும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்துகிற வண்டிகளில் எலி வேலை ரொம்ப சகஜம்.

*வேகம் ஏறினால் வருகிறது, கூடவே ‘ஊ...’ என்று ஒரு சத்தமா?* வீல் பேரிங். இப்போதைய வண்டிகள் பலவற்றில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கிலேயே ஒட்டியிருக்கிறது. பேரிங் ஆடினால் எண்ணிக்கை தப்பும். பேரிங்கைத் தலைகீழாக அடித்துவிட்டாலும் வளையம் சென்சாருக்கு எதிர்ப்பக்கம் போய்விடும், லைட் அணையவே அணையாது. புது பேரிங் போட்ட மறுநாளே லைட் வந்தால் முதல் சந்தேகம் அதுதான்.

*இத்தனையும் சரி, இன்னும் எரிகிறது.* இப்போது ஸ்கேனர். ‘சி0035’ என்று வந்தால் இடது முன் சக்கரத்து சென்சார் பக்கம் என்று அர்த்தம். கோடு ஒரு இடத்தைக் காட்டுகிறதே தவிர, சென்சார்தான் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்வதில்லை. கடைசியில், எல்லா வயரும் எர்த்தும் பார்த்த பிறகுதான், மாட்யூல். அதைக் கழற்றினால் பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்க ஸ்கேனரும் வேண்டும் என்பதால் ரோட்டோரத்தில் செய்கிற வேலை இல்லை. கம்பெனி சர்வீஸுக்கோ நல்ல ஏபிஎஸ் ஆளிடமோ போங்கள்.

ஏபிஎஸ் மஞ்சளோடு பிரேக் சிவப்பும் எரிகிறது

நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா? இறங்கியிருக்கிறது என்றால் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் இரண்டே காரணம்: பிரேக் பேட் தேய்ந்து ஆயில் இறங்கியிருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஊற்றிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஒழுகுகிற லைன் அடுத்த வளைவில் முழுசாக விடலாம்.

ஆயில் அளவு சரி, ஆனாலும் இரண்டும் சேர்ந்து எரிகிறது என்றால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கிடும் வேலை நின்றிருக்கும். ஓங்கி மிதித்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். மலையில் இதோடு இறங்கக் கூடாது. ரெக்கவரி வண்டிதான்.

லைட் இல்லை, ஆனால் நிற்கப் போகும்போது பெடல் ‘கடகட’ என்று அதிர்கிறது

ஈர யூக்கலிப்டஸ் இலை மேல் பிரேக் அடித்தபோது வந்தால் ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றிய சத்தம் அது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்திப் பிடித்தபடி ஒடியுங்கள். காய்ந்த ரோட்டில், மெதுவாக மிதித்து, நிற்பதற்குக் கடைசி 10 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வந்தால் அது பொய்ச் சத்தம். ஒரு சக்கரத்து சென்சார் குறைந்த வேகத்தில் எண்ணத் தவறுகிறது, சக்கரம் பூட்டிவிட்டதென்று ஏபிஎஸ் ஏமாறுகிறது. சேறு, துரு, சென்சார் எண்ணும் பல் வளையம் வெடித்தது என்ற வரிசையில் பாருங்கள். லைட் இல்லாததால் கோடு பதிந்திருக்காது. ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் நேரலையாக வைத்து மெதுவாக ஓட்டினால் எது முதலில் பூஜ்ஜியம் காட்டுகிறதோ அதுதான்.

சறுக்கும் கார் லைட்

மினுக்கினால் பழுதில்லை என்று மேலேயே சொன்னேன். ஆனால் எல்லா வளைவிலும் மினுக்குகிறது என்றால் டயரைப் பாருங்கள். டயரின் பட்டன், அதாவது மேல்வரிப் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும் டயர் மாற்ற வேண்டும், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு வெளிப்பட்டால் அந்த அளவு வந்துவிட்டது. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு அளவு என்று கலந்து போட்டிருந்தாலும் இந்த லைட் குழம்பும்.

மினுக்காமல் நின்று எரிந்தால், ‘ஆஃப்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். துணியால் துடைக்கும்போது ஆஃப் பட்டன் அமுங்கி அணைந்து வந்த வண்டிகள் எத்தனையோ. அது இல்லை என்றால் மேலே ஏபிஎஸ்ஸுக்குச் சொன்ன எல்லாமும் இதற்கும் பொருந்தும். இரண்டும் ஒரே சக்கர சென்சாரைத்தான் நம்பியிருக்கின்றன.

டயர் காற்று லைட், பஞ்சர் எதுவும் இல்லை

ஊட்டியில் காலை ஏழு மணிக்குப் பஞ்சர் கடை வாசலில் நிற்கிற புது வண்டிகளில் நிறைய பேருக்குப் பஞ்சர் இல்லை. நடந்தது என்ன என்றால், மேட்டுப்பாளையத்தில் மதியம் 33 டிகிரி வெயிலில் டயரில் 30 பாயிண்ட் (பிஎஸ்ஐ) காற்று இருந்தது. ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரி. சுமார் 6 டிகிரி குளிர்ந்தால் ஒரு பாயிண்ட் இறங்கும். இன்னொரு பக்கம் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கையில் பிடிக்கும் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டும் கழிந்து கேஜ் 29 காட்டும். ஆனால் சில வண்டிகளின் சென்சார் கடல்மட்டத்துக் கணக்கை வைத்தே கழிக்கும். அவற்றில் மீட்டர் 25 என்று காட்டி லைட் போடும்.

எதை நம்புவது? கேஜைத்தான். வண்டி ராத்திரி நின்ற பிறகு, வெயில் படுவதற்கு முன், கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்ன அளவைக் கேஜ் வைத்து நிரப்புங்கள். மீட்டர் 33 காட்டும் வரை அடித்தால் உண்மையில் 36க்கு மேல் போயிருக்கும். அதோடு கீழே வெயிலுக்கு இறங்கினால் 38, 39 ஆகி, ஓடும் சூட்டில் இன்னும் ஏறும்.

கேஜிலும் ஒரே ஒரு டயர் மட்டும் குறைவு என்றால் அது மலைக் கணக்கு இல்லை, ஆணிதான். சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

காற்று நிரப்பியும் லைட் போகவில்லையா? சக்கரத்துக்குள் சென்சார் இல்லாமல் ஏபிஎஸ் வழியாகக் கணக்குப் பார்க்கும் வண்டிகளில் ரீசெட் அழுத்த வேண்டும். நிரப்பாமல் ரீசெட் அழுத்தினால் குறைந்த காற்றையே சரியென்று கற்றுக்கொள்ளும், அதைச் செய்யாதீர்கள். வண்டி எடுத்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு நின்று எரிந்தால் சென்சாரே பேசவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, சென்சாரோடுதான். அதற்கு அவசரமில்லை, கீழே போய் டயர் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

“முன் கேமரா வேலை செய்யவில்லை” என்று எழுத்து வருகிறது

தானாக பிரேக் போடுவது, லேன் பார்ப்பது (ரோட்டுக் கோட்டை விட்டு விலகாமல் கவனிப்பது) எல்லாம் முன் கண்ணாடிக்கு உட்பக்கம், பின்னால் பார்க்கும் நடுக்கண்ணாடி அருகே இருக்கும் கேமராவையும், முன் பம்பரிலோ லோகோவுக்குப் பின்னாலோ இருக்கும் ரேடாரையும் நம்பியவை. ரேடாருக்குப் பனிமூட்டம் பெரிய தடையில்லை. கேமராவுக்கு நம் கண்ணுக்குத் தெரியாதது எதுவும் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வண்டிகளில் ஒன்று விட்டால் எல்லாமே விலகிக்கொள்ளும்.

லவ்டேல் பக்கம் பத்தடி தெரியாத மூடுபனியில் இந்த எழுத்து வந்தால் வண்டி உண்மையைச் சொல்கிறது. பனி விலகியதும் தானாகப் போய்விடும். போகாவிட்டால் கண்ணாடியின் வெளிப்பக்கம் துடைத்து, வைப்பர் ரப்பர் கோடு விடுகிறதா பாருங்கள்.

அடுத்தது உட்பக்கம். ஊட்டியில் எதற்கு ஏசி என்று அணைத்துவிட்டு, அஞ்சு பேர் மூச்சும் ஈர ஸ்வெட்டரும் உள்ளே இருக்க, கண்ணாடி மூடியபடி வருவார்கள். கேமரா மூடியின் உள்ளே ஆவி படிந்துவிடும், அங்கே துணி எட்டாது. ஏசியைப் போட்டு, சூடு வைத்து, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி விடுங்கள். ஏசி குளிருக்கு மட்டுமில்லை, ஈரம் எடுக்கவும்தான். ஐந்து பத்து நிமிடத்தில் தெளியும். உறைபனிக் காலையில் கண்ணாடி மேல் கொதிநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று கீழே சொல்கிறேன்.

வெயில் அடிக்கிறது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ஆனாலும் எழுத்து போகவில்லை? வெளியே வந்து முன்னால் நின்று பாருங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு வண்டி வந்தது. கண்ணாடியில் மேல்நடுவில், கேமராவுக்கு நேர் எதிரே, அழகாகச் சந்தனமும் குங்குமமும் பொட்டு வைத்திருந்தார்கள். லோகோ மேல் மாலை, அதற்கு நடுவே எலுமிச்சை. கேமராவும் போச்சு, ரேடாரும் போச்சு.

“சாமிக்கு வெச்சத எப்படிங்க எடுக்கறது?” என்றார் கூட வந்த அம்மா.

பொட்டை பானட்டுக்கு மாற்றி, மாலையை நம்பர் பிளேட்டுக்குக் கீழே இறக்கிக் கட்டினோம். இரண்டு எழுத்தும் அணைந்தது, அம்மாவுக்கும் திருப்தி. ஃபாஸ்டேக், குலதெய்வ ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கும் பொம்மை, டேஷ்போர்டில் வைத்த சிலை எதிரொளிப்பது, பின்னாளில் மாட்டிய முன் பம்பர் கார்டு, இடம் மாற்றிய நம்பர் பிளேட் எல்லாம் இதே வகை.

இப்போது செலவுப் பக்கம். கல் தெறித்துக் கண்ணாடி மாற்றியிருக்கிறீர்களா? பம்பர் கழற்றி மாட்டினீர்களா? சஸ்பென்ஷன் வேலையோ அலைன்மெண்டோ செய்தீர்களா? அதற்குப் பிறகு வந்த எழுத்து துடைத்துப் போகாது. கேமராவுக்கும் ரேடாருக்கும் அளவு சரிசெய்ய வேண்டும். ஒரு விரல் அகலம் கோணினாலும் தூரத்தில் பக்கத்து லேன் வண்டியை உங்கள் லேனில் இருப்பதாக நினைக்கும். சில வண்டிகளுக்கு மட்டமான தரையில் பலகை நிறுத்தி அளக்க வேண்டும், சிலவற்றுக்குக் கோடு தெளிவாகப் போட்ட நேர் ரோட்டில் ஓட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டும் நம் மலையில் நடக்காது. கோயம்புத்தூர் இறங்க வேண்டும். கண்ணாடி மாற்றும்போதே, கேமரா பிடிப்பு உள்ள சரியான கண்ணாடியா, அளவு சரிசெய்வது பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கிளெயிம் போடுபவர்கள் அதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கேமரா மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்.

வளைவில் ஆளே இல்லாமல் கத்துகிறது, சில நேரம் தானே பிரேக் போடுகிறது

கொண்டை ஊசியில் வண்டி திரும்பும்போது நேர் எதிரே இருப்பது பாறை, அல்லது தடுப்புச்சுவர், அல்லது இறங்கி வரும் பஸ். திரும்பப் போகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. பழுதில்லை. எச்சரிக்கும் தூரத்தை மெனுவில் குறைந்ததற்கு மாற்றுங்கள், வளைவுக்கு முன்பே வேகம் குறையுங்கள். முழுசாக அணைப்பது எனக்குப் பிடிக்காத யோசனை, சீசன் கூட்டத்தில் முன் வண்டி சட்டென்று நிற்கும்போது அது ஒரு தடவை உதவினாலும் போதும்.

நேர் ரோட்டில், வெட்டவெளியில், காரணமே இல்லாமல் பிரேக் போட்டால் மட்டும் ரேடார் கோணியிருக்கலாம். லோகோவைத் துடையுங்கள், பம்பர் தளர்ந்திருக்கிறதா அசைத்துப் பாருங்கள். மறுபடி நடந்தால் அந்த வசதியை அணைத்துவிட்டு நேராகக் கம்பெனி சர்வீஸ். அதற்குள் பின்னால் வருகிறவன் இடித்துவிடக் கூடாது.

முன் வண்டியைப் பார்த்து ஓடும் க்ரூஸை மலைப்பாதையில் போடவே போடாதீர்கள். வளைவில் முன் வண்டி மறைந்ததும் ரோடு காலி என்று நினைத்து வேகம் எடுக்கும். லேன் பார்ப்பது பல வண்டிகளில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். ஆகவே நம் மலையில் “வேலை செய்யல” என்று அதற்காக வராதீர்கள். இருட்டில் ரோட்டை மறித்து நிற்கும் காட்டுமாட்டை, எல்லாரும் காட்டெருமை என்று சொல்கிறோமே அதை, கேமரா கண்டுபிடிக்கும் என்றும் நம்ப வேண்டாம். பல வண்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தது மனிதனையும் வண்டியையும்தான்.

ஏற்றத்தில் ஹில் ஹோல்டு பிடிக்கவில்லை, வண்டி பின்னால் உருள்கிறது

இரண்டு நொடி சுமாருக்குத்தான் பிடிக்கும், அதற்குள் கிளட்ச் விட வேண்டும். பிரேக்கைச் சரியாக அழுத்தி வண்டி முழுசாக நின்றதா? கதவு திறந்திருந்தாலோ பெல்ட் போடாவிட்டாலோ சில வண்டிகளில் வேலை செய்யாது. ஏற்றம் போதாவிட்டாலும் பிடிக்காது. ஏபிஎஸ், ஈஎஸ்பி லைட் எரிந்தால் இதுவும் கூடவே போயிருக்கும், அதை முதலில் பாருங்கள். மற்றபடி பழைய வழி இருக்கவே இருக்கிறது: ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் இறக்குவது. குன்னூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஓட்டுகிற எங்கள் ஆட்கள் இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள்.

இறக்கத்தில் கருகல் வாடை, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. லைட் எதுவும் இல்லை

இதற்கு எந்த லைட்டும் எரியாது. அதனால்தான் பயமே. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். அதை முழுக்கப் பிரேக்கில் இறங்கினால் பேட் கொதித்து, பிரேக் ஆயிலும் கொதித்துக் காற்றுக்குமிழி விடும். ‘டாட் 4’ என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் 230 டிகிரி தாங்கும். ஈரம் குடித்த பிறகு அது 155 வரை இறங்கிவிடும். ஏபிஎஸ், ஈஎஸ்பி, தானியங்கி பிரேக் எல்லாம் அந்த ஆயில் வழியாகத்தான் பிடிக்க வேண்டும். ஆயில் குமிழி விட்டால் கம்ப்யூட்டரால் ஒன்றும் ஆகாது.

கருகல் வாடை மட்டும், பெடல் கெட்டியாக இருக்கிறதா? செகண்ட் கியர், தேவைப்பட்டால் ஃபர்ஸ்ட் போட்டு இன்ஜின் பிடிப்பில் இறங்கி, அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் முறையில் குறைந்த கியர். இறக்கத்தில் தானே வேகத்தைப் பிடிக்கும் ஹில் டிசென்ட் பட்டனை அழுத்திக்கொண்டு முழு மலையும் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குறைந்த வேகத்தில் கரடுமுரடான சரிவுக்கு வைத்தது. அதுவும் பிரேக்கைத்தான் பிடிக்கிறது, சூடேறினால் தானே விட்டுவிடும்.

பெடல் உள்ளே போகிறதா? பலமுறை விட்டு விட்டு அழுத்துங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கை மெதுவாக ஏற்றுங்கள், மலைப்பக்கச் சரிவில் ஒதுக்குங்கள். நின்றதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிப்போகும். ஆறிய பிறகு பெடல் மறுபடி கெட்டியாகும். அதைப் பார்த்து “சரியாப் போச்சு” என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பர்லியாறு வரை வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தான் என்பார்கள். அந்த ஆயில் ஒரு முறை கொதித்தது, கொஞ்சம் சூட்டிலேயே அடுத்த முறையும் கொதிக்கும். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டு, ஆயில் முழுக்க மாற்றி, பேட் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள். மலையிலேயே இருக்கும் வண்டி என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும்.